சாய்ந்த அத்தி

ரம்பம் மறுபடியும் மாட்டிக்கொண்டது. தையல்காரர் இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. இரு முனையும் ஊன்றிக் கிடக்கிற கிளையை மேலிருந்து அறுத்தால் அதன் கனமே வெட்டுவாயை மூடி ரம்பத்தைக் கவ்விக்கொள்ளும் என்பது இப்போதுதான் மண்டையில் ஏறியது. கத்தரிக்கோல் பிடித்தே பழகிய கை. உள்ளங்கையில் கொப்புளம் கிளம்பி, உடைந்து, அதன்மேல் அத்திப்பால் வழிந்து பிசுபிசுத்தது. சொறிந்தால் எரிந்தது, சொறியாமலும் இருக்க முடியவில்லை.

மரம் நேற்றுக் காலைக் காற்றில் சாய்ந்தது. குளியலறைக் கூரையை நொறுக்கிக்கொண்டு விழுந்தது. அவர் மனைவி தலையைத் துவட்டிக்கொண்டே வெளியே வந்து சமையலறைப் படியில் கால் வைக்க, முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தம். அப்போதிலிருந்து அவள் கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்கிறாள். மரம் வெட்டும் ஆட்களோ, எங்கு பார்த்தாலும் மரம் விழுந்து கிடக்கிறது, இந்த வாரம் வர முடியாது என்று கைவிரித்துவிட்டார்கள். அதனால்தான் இந்தக் கூத்து.

கொல்லையே நாறியது. நசுங்கிய பழங்கள் கூழாகிச் செருப்பில் அப்பின. மிதித்த இடத்திலெல்லாம் ஈக்கள் கொத்தாக எழும்பி, உதட்டிலும் கண்ணோரத்திலும் உட்கார்ந்தன. துப்பித் துப்பித் தொண்டை வறண்டுவிட்டது.

"டேய், கீழருந்து அறுடா. இதுகூடத் தெரியாதா?"

அண்ணன். அடுத்த வீட்டில் மோட்டார் பட்டறை வைத்திருப்பவர். அத்திப்பழம் தன் தகரக் கூரையில் விழுந்து நாறுகிறது, வெட்டித் தொலை என்று வருஷக்கணக்காகப் புலம்பியவர். இன்று விடிந்ததுமே கோடரியோடு தானாக வந்து நின்றார். ஆயிரம் இருந்தாலும் கூடப்பிறந்தவர் என்று தையல்காரருக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

"நீ இத விடு. வேர்ப்பக்கம் போய் மண்ணைத் தள்ளு, போ" என்று அவரை அனுப்பிவிட்டு, மாட்டிக்கொண்ட ரம்பத்தை விடுவிக்கக் கிளைக்கடியில் தோளைக் கொடுத்தார் அண்ணன்.

தையல்காரர் அடிமரத்தருகே குந்தினார். மண்ணை விலக்க விலக்க மரம் கறுப்பாக, சொதசொதவென்று இருந்தது. விரல் உள்ளே போனது. அழுகலோடு இன்னொரு வாடையும் வந்தது. கட்டை விரல் நுழையும் அளவுக்கு வரிசையாக ஓட்டைகள். துளைத்தவை, பூச்சி அரித்தவை அல்ல. ஒன்றில் ஏதோ அடைத்திருந்தது. நகத்தால் கிள்ளி இழுத்தார். எண்ணெய் சொட்டச் சொட்டத் துணி வந்தது. கழிவு எண்ணெய். பிழிந்து விரித்தபோது, கறுப்புக்கடியில் நீலக் கட்டம் தெரிந்தது.

பள்ளிச் சீருடைத் துணி. அவர் வெட்டியது. பட்டறையில் கை துடைக்க ஆகுமே என்று கழிவுத் துண்டுகளைப் பொட்டலம் கட்டி அண்ணனுக்குக் கொடுப்பது அவர்தான்.

துணியைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"அண்ணே. என்ன இது?"

அண்ணன் துணியைப் பார்த்தார். முகத்தில் பெரிதாக எதுவும் மாறவில்லை.

"பட்டுப்போகும்னு நெனச்சேன்டா. இப்படி விழும்னு யாரு கண்டா?"

"அவ உள்ள இருந்திருந்தா?"

"இல்லல்ல? அப்புறம் என்ன? வெட்டு வெட்டுன்னு எத்தனை தடவ தலபாடா அடிச்சுக்கிட்டேன், காதுல வாங்குனியா? சும்மா நோண்டிக்கிட்டு இருக்காம வேலயப் பாரு."

சொல்லிவிட்டு, துளை போட்ட அந்தக் கையாலேயே நெற்றி வியர்வையை வழித்து உதறினார். அதில் ஒரு துளி தையல்காரர் கன்னத்தில் தெறித்தது. தோளால் தேய்த்தார். தேய்த்த பிறகும் அது அங்கேயே இருப்பதுபோலிருந்தது.

மனைவி டீ கொண்டுவந்தாள். பின்பக்கம் வருவதற்குத் தயங்கி, படியிலேயே நின்றபடி எட்டி நீட்டினாள். "பாவம், காலையிலருந்து உங்களுக்கும் கஷ்டம், மாமா" என்றாள். அவளாக வாய் திறந்து சொன்ன முதல் பேச்சு அது. அண்ணன், விடுவித்த ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே வாங்கி, அறுபடாத அடிமரத்தின் மேல் காலை அகட்டி உட்கார்ந்து உறிஞ்சினார்.

"நீ உள்ள போ" என்றார் தையல்காரர். அவள் ஒன்றும் புரியாமல் போனாள்.

அண்ணனின் முதுகில், சட்டையின் மேல், கொழுத்த வெள்ளைப் புழு ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. சுருங்கி, நீண்டு, சுருங்கி, காலரைத் தொட்டது. தட்டிவிடத் தையல்காரரின் கை பாதிவரை எழும்பியது. அண்ணன் ரசித்து இன்னொரு வாய் உறிஞ்சினார். புழு காலர் விளிம்பில் ஏறி, கழுத்தின் வெறும் தோலைத் தலையால் தடவிப் பார்த்தது.

தையல்காரர் கையை இறக்கி, ரம்பத்தை எடுத்தார்.