கொளஞ்சிநாதனின் எடை

கொளஞ்சிநாதனின் கால் தரையை விட்டு எழும்பும்போதெல்லாம் அவனுடைய எடை விருத்தாசலத்தில் இருந்த அவன் அக்கா செல்வநாயகியின் மேல் வந்து உட்கார்ந்தது. அவன் அந்தரத்தில் இருக்கும் வரை அவளிடம் இருந்தது, அவன் கால் ஊன்றியதும் திரும்பிப் போனது. இது முதலில் தெரிந்தது அவனுடைய ஒன்பதாவது வயதில். மணிமுத்தாற்றின் கரைமேல் நின்று பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடித்து மணலில் குதிக்க அவன் பழகிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், கடைத்தெருவில் பக்கத்து வீட்டுக்காரரின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்த செல்வநாயகிக்குக் கீழே டயர் வெடித்தது. மாற்றிப் போட்ட டயரும் வெடித்தது. மறுநாள் அவள் ஆற்றுக்கே போய் நின்று, தம்பி எகிறும்போதெல்லாம் தன் பாதம் கணுக்கால் வரை மணலில் புதைவதைப் பார்த்துக்கொண்டாள். அவள் பயப்படவில்லை. தாய் தகப்பன் இருவரும் கரும்பு வெட்டப் போய்விட, ஏழெட்டு வயதிலேயே கைக்குழந்தையான தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தவள் அவள். அவனை இடுப்பிலிருந்து எப்போது இறக்கிவிட்டாள் என்று அவளுக்கு ஞாபகமில்லை, இறக்கிவிட்டாளா என்பதே சந்தேகம்தான் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

ஊராரிடம் அவள் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். “அவங்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. தெரிஞ்சா எகிற மாட்டான்.” காலையில் ஒரு வீட்டில் சண்டை வந்தால் மதியத்துக்குள் ஜங்ஷன் டீக்கடையில் தீர்ப்புச் சொல்லி முடித்துவிடுகிற ஊர் இது. அந்த ஊர் பதினெட்டு வருஷம் வாயைத் திறக்கவில்லை. எடை இடம் மாறியதைவிட இதுதான் பெரிய அதிசயம் என்று இப்போதும் சொல்பவர்கள் உண்டு.

பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் அவனைப் பார்த்தவர்கள் சென்னைக்கு, விளையாட்டு விடுதிக்கு அழைத்துப் போனார்கள். அங்கே அவன் ஜிம்னாஸ்டிக்ஸ் கற்றான். அந்தரத்தில் தொங்கும் இரண்டு வளையங்களைப் பிடித்துக் கைகளைச் சிலுவை மாதிரி இரண்டு பக்கமும் நீட்டி நிற்பது மற்றவர்களுக்கு முகம் சிவந்து நரம்பு புடைக்கும் வேலை. கொளஞ்சிநாதன் அப்படி நிற்கும்போது கொட்டாவி விட்டான். நடுவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், விதிப் புத்தகத்தைப் புரட்டினார்கள். எடை இல்லாமல் இருப்பதற்கு மதிப்பெண் குறைக்கச் சொல்லி அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை. அவனுக்கோ அதில் விசேஷம் எதுவும் தெரியவில்லை. காற்றில் ஏறினால் எல்லாருக்கும் இப்படித்தான் உடம்பு பஞ்சாகிவிடும், அதற்குப் பெயர்தான் ஜிம்னாஸ்டிக்ஸ் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

இத்தனை இருந்தும் அவன் முதல் பரிசு வாங்கியதில்லை. இறங்கும் இடத்தில் கோளாறு. கால் ஊன்றிய இடத்தில் ஆணி அடித்த மாதிரி நிற்க வேண்டும், ஓர் அடி நகர்ந்தாலும் மதிப்பெண் போய்விடும். போன எடை விருத்தாசலத்திலிருந்து திரும்பி வரக் கொஞ்சம் நேரம் பிடித்தது. சென்னை என்றால் அந்தத் தாமதம் தெரியாது. வடக்கே போகப் போகத் தாமதம் கூடியது. அவன் கால் தரையைத் தொட்டுவிடும், எடை இன்னும் நாக்பூரைத் தாண்டியிருக்காது, உடம்பு தள்ளாடி ஓர் அடி வைத்துவிடும். மூன்றாம் இடம், நான்காம் இடம், சில வருஷம் ஐந்து. அந்த மூன்றாம் இடங்களை வைத்து ரயில்வேயில் வேலை கிடைத்தது. அக்காவுக்கு ஒரு மிக்ஸியும் இரும்புக் கட்டிலும் வாங்கிக் கொடுத்தான். இரும்புக் கட்டில்தான் வேண்டும் என்று அவள் ஏன் அடம்பிடித்தாள் என்பது அவனுக்கு விளங்கவில்லை.

செல்வநாயகி செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு பொம்மைக் கம்பெனியில் வேலை செய்தாள். அச்சிலிருந்து எடுத்த பச்சைப் பொம்மையின் ஒட்டுத் தடத்தை ஈரப் பஞ்சால் துடைத்து மழுப்புகிற வேலை. எடை வந்து உட்கார்ந்தால் கை அழுந்தும், கையில் இருக்கும் கிருஷ்ணருக்கு மூக்குச் சப்பையாகிவிடும். தேசியப் போட்டி நடக்கும் வாரங்களில் அந்தக் கம்பெனியிலிருந்து சப்பை மூக்குக் கிருஷ்ணர்கள் நிறைய வெளியே போனார்கள். அவற்றுக்கென்றே பிரியப்பட்டு வாங்குகிறவர்களும் இருந்தார்கள். பிறகு போட்டிகளை செல்போனில் நேரடியாகக் காட்ட ஆரம்பித்ததும் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்த ஆதிலட்சுமி போனைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு, “ரிங்ஸுல ஏறிட்டான்டி, கைய எடு” என்று குரல் கொடுப்பாள். செல்வநாயகி பொம்மையைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். வளையம் என்றால் ஒரு நிமிடத்துப் பாரம். ஓடிவந்து மேசையில் கை ஊன்றித் தாவுகிற வால்ட் என்றால் மூச்சு விடுவதற்குள் முடிந்துவிடும். ஆனாலும் அவளுக்குப் பிடித்தது வளையம்தான். அந்த ஒரு நிமிடம் தம்பி முழுசாகத் தன்னிடம் இருக்கிறான் என்று அவள் சொல்வாள், சொல்லும்போது வெட்கப்படுவாள்.

அவளைப் பெண் கேட்டு வந்த கருவேப்பிலங்குறிச்சி கோதண்டபாணியிடம் விஷயத்தை மறைக்காமல் சொன்னார்கள். அவர் சூளையில் சரக்கு அடுக்குகிறவர். “வெயிட்டுதானங்க, பரவால்ல” என்றார். கல்யாணம் நடந்தது. எட்டு வருஷம் குழந்தை இல்லை. ஒன்பதாவது வருஷம், அவளே நம்பிக்கையை விட்டுவிட்ட பிறகு, நாள் தள்ளிப்போனது. கனமாக எதையும் தூக்கக் கூடாது, தண்ணீர்க் குடத்தைக்கூடத் தொடக் கூடாது என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொன்னார். செல்வநாயகி தலையை ஆட்டிவிட்டு வந்தாள். அதே மாதம்தான் கொளஞ்சிநாதனை ஆசியப் போட்டிக்கான பயிற்சி முகாமுக்கு வடக்கே அழைத்திருந்தார்கள். முகாமின் முடிவில் தேர்வு. இருபத்தேழு வயதாகிவிட்டவனுக்கு இதை விட்டால் இன்னொன்று கிடையாது. காலையிலிருந்து சாயங்காலம் வரை அவன் எகிறிக்கொண்டே இருந்தான், இங்கே அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

தம்பியிடம் சொல்லிவிடு என்று கோதண்டபாணி கெஞ்சிப் பார்த்தார். “இந்த ஒரு தடவதாங்க. டீமுல சேந்துட்டான்னா போதும்” என்றாள் அவள். அவருக்கு ராத்திரியில் தூக்கம் போயிற்று. யாரிடம் போய்ச் சொல்வது? விருத்தாசலத்துக்காரர்கள் கடைசியாகப் போகிற இடத்துக்கு அவரும் போனார். மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோவிலில், மனிதர்களிடம் தீராத வழக்கைத் தாளில் எழுதிச் சாமி முன்னால் வைத்துப் பூசை செய்து, முனியப்பர் சந்நிதி முன்னால் கட்டிவிட்டு வருவார்கள். பிராது கட்டுவது என்று அதற்குப் பெயர். மூன்று நாளிலோ மூன்று வாரத்திலோ மூன்று மாதத்திலோ தீர்ப்பு வந்துவிடும். மச்சான் எடையை என் மனைவிமேலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று எழுதிக் கட்டிவிட்டு, வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் வேலைக்குப் போனார். அவர் செய்த தப்பு ஒன்றுதான். தன் கட்சியை மட்டும் யோசித்துவிட்டார். அங்கே ஒரு வழக்கு என்று போனால் இரண்டு பக்கமும் விசாரணை நடக்கும். இத்தனை வருஷம் இவள் அவனைச் சுமந்தாளே, அதற்கு என்ன வழி என்ற கேள்வி வராமல் போகாது.

மூன்றாவது வாரம் தீர்ப்பானது. முகாமில் ஹைபார் என்கிற உயரக் கம்பியிலிருந்து கையை விட்டு மேலே எழும்பிய கொளஞ்சிநாதன், தன் எடை தன்னோடு வருவதை வாழ்க்கையில் முதல் தடவையாக உணர்ந்து, மூட்டை மாதிரி மெத்தையில் விழுந்தான். “காத்துல ஒடம்பு கனக்குதுடா” என்று கூடப் பயிற்சி செய்த பிரபாகரனிடம் சொன்னான். “எல்லாருக்கும் கனக்கத்தான்டா செய்யும்” என்றான் அவன். சின்னப் பிள்ளைகள் பழகுகிற பாடத்திலிருந்து அவன் மறுபடி ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. அதோடு போகவில்லை. வாரா வாரம் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்தது. மெஷினில் ஏறி நின்றால் முள் நகர்ந்திருக்கும், கண்ணாடியில் பார்த்தால் வயிறு ஒட்டித்தான் இருக்கும். சாப்பாட்டைக் கவனிக்கிற அம்மையார் சோற்றை நிறுத்தினார், பிறகு சப்பாத்தியையும் நிறுத்தினார்.

விருத்தாசலத்தில் செல்வநாயகிக்கு வயிறு மட்டும் வந்தது, பாரம் வரவில்லை. பாரம் வராதது மட்டுமில்லை, தம்பியும் வரவில்லை. அவன் எப்போது ஏறுகிறான், எப்போது இறங்குகிறான் என்பது பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்குத் தெரியாமல் போனது. ஐந்தாம் மாதம் ஆகியும் குழந்தை உதைக்கவில்லை. ஸ்கேன் எடுத்தவர்கள் குழந்தை நன்றாக இருக்கிறது, நன்றாக அசைகிறது என்றார்கள். திரையில் அசைந்தது, அவளுக்குள் அசையவில்லை. வெளியே சொல்லப் பயந்து பொம்மையைத் துடைத்துக்கொண்டே அழுதாள். அப்படி ஒரு நாள் அழுதுகொண்டிருக்கும்போதுதான் தம்பியிடமிருந்து போன் வந்தது.

“அக்கா, ஒண்ணு சொல்றேன், சிரிக்காத. வயித்துக்குள்ள என்னமோ ஒதைக்குதுக்கா.”

அவள் சிரிக்கவில்லை. “எந்தப் பக்கம்?” என்று கேட்டாள்.

“எடப் பக்கம். தோ, இப்பக்கூட ஒதைக்குது.”

“நல்லா வேகமாவா?”

“வேகமாத்தான்க்கா. ரிங்ஸுல நிக்கும்போது ஒதச்சி என்னெக் கீழ தள்ளிடுச்சி.”

செல்வநாயகி தன் வயிற்றின் இடப் பக்கத்தைக் கையால் பிடித்துக்கொண்டு, கம்பெனியே திரும்பிப் பார்க்கும்படி வாய்விட்டு அழுதாள். சந்தோஷத்தில் மனிதர்கள் அப்படி அழுவதை ஆதிலட்சுமி அதற்கு முன் பார்த்ததில்லை. அன்று சாயங்காலமே எல்லாருக்கும் எல்லாமும் தெரிந்துபோயிற்று. பிராது கட்டியதைக் கோதண்டபாணி மனைவியிடம் ஒப்புக்கொண்டார், மச்சானிடமும் போனில் சொன்னார். அக்கா இத்தனை வருஷம் சுமந்த கதையையும் அவர்தான் சொன்னார்.

“இத்தினி வருஷமா அக்கா மேலதான் ஏறி நின்னனா மாமா?”

“அதெ வுடுப்பா. நாளைக்கே போயி பிராத வாபஸ் வாங்கிட்டு வந்துடறேன். ஒனக்கு செலக்சன் இருக்குது.”

“வேணாம். இருக்கட்டும் மாமா.”

“டீமுல எடுக்க மாட்டாங்களேப்பா.”

“எடுக்கலன்னா போவுது. கொழந்த பொறக்கற வரைக்கும் நீங்க மணவாளநல்லூரு பக்கமே போவக் கூடாது” என்றான் கொளஞ்சிநாதன். அதற்குப் பிறகு அக்காவுக்குத் தினமும் இரண்டு வேளை போன் செய்து, குழந்தை எப்போது தூங்கியது, எப்போது விழித்தது, எந்தப் பக்கம் புரண்டது என்று சொன்னான். விக்கல் எடுத்தால்கூடச் சொன்னான். அவள் வயிற்றில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

தேர்வு நாள் வந்தபோது அவளுக்கு நிறைமாதம். அந்தப் பாரத்தோடு இரண்டு சுற்றுச் சுற்றி இறங்குகிற வித்தைகள் எதுவும் நடக்காது என்று அவனுக்குத் தெரியும், அவற்றையெல்லாம் எடுத்துவிட்டான். வளையத்தில் சிலுவை நிற்கும்போது முதல் தடவையாக அவனுக்கு முகம் சிவந்தது, நரம்பு புடைத்தது, கை நடுங்கியது. நடுங்கினாலும் கீழே வரவில்லை. கடைசியாக ஒரே ஒரு சுற்றுச் சுற்றி இறங்கினான். எடை எங்கேயிருந்தும் வர வேண்டியிருக்கவில்லை, அவனுடையதும் குழந்தையுடையதும் அவனோடேயே இறங்கின. ஊன்றிய கால் ஒரு நூல்கூட நகரவில்லை. அரங்கம் கைதட்டியது. பிசகில்லாமல் செய்ததற்கான மதிப்பெண் அன்றைக்கு அவனுக்குத்தான் அதிகம், கடினமான வித்தைகளுக்கான மதிப்பெண்தான் போதவில்லை. அணியில் பெயர் வரவில்லை. வருத்தம் இல்லை என்று அவன் சொல்லிக்கொண்டதில்லை. பிரபாகரனின் தோளில் முகத்தை வைத்து அழுதான், ஒரு கையால் வயிற்றைப் பிடித்தபடியே அழுதான். பிறகு பையைக் கட்டிக்கொண்டு ரயில் ஏறினான்.

சென்னையில் மாறி ஏறிய பகல் ரயிலில் நல்ல கூட்டம். கதவோரம் சாய்ந்து நின்றபடி வந்தவனிடம், கூடையோடு உட்கார்ந்திருந்த ஸ்ரீமுஷ்ணத்து அம்மாள் ஒருத்தி செங்கல்பட்டிலேயே ஊரும் பேரும் விசாரித்துவிட்டாள். விழுப்புரம் வருவதற்குள் அவன் கதை முழுவதையும் சொல்லிவிட்டான். பஸ் நேரம் கேட்டுக்கொள்கிறவள் மாதிரி அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். வண்டி விழுப்புரத்தை விட்டுக் கிளம்பிச் சவுக்குத் தோப்புகளைத் தாண்டும்போது கொளஞ்சிநாதனின் கால் சட்டென்று இலேசாகி, கதவுக் கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. உடம்புக்குள் இத்தனை மாதம் இருந்த கனம் ஒரேயடியாகப் போய்விட்டிருந்தது. அவன் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

“என்னா தம்பி?” என்று அந்த அம்மாள் கேட்டாள்.

“அக்காவுக்குக் கொழந்த பொறந்துட்டுதுங்க.”

“என்னா கொழந்த?”

“அது தெரியலீங்க. மூணு கிலோவுக்குக் கொறையாது.”

“நல்ல வெயிட்டுதான்” என்றாள் அவள். பக்கத்தில் இருந்தவர்களை நெருக்கித் தள்ளி இடம் உண்டாக்கினாள். “பச்ச ஒடம்பு, நிக்காத. வந்து ஒக்காரு.” அவன் உட்கார்ந்ததும் ஜன்னல் கதவை இறக்கிவிட்டாள். காற்றுப் பட்டால் ஆகாது என்று கூடையின் மேல் போட்டிருந்த துண்டை எடுத்துக் கொடுத்தாள். கொளஞ்சிநாதன் அதை வாங்கி இரண்டு காதையும் மூடிக் கட்டிக்கொண்டான்.