மொரிசனின் ஐம்பதாம் ஆண்டு

2021 ஆடி (யூலை) மூன்றாம் திகதி, சனிக்கிழமை. அரியநாயகம் பாரிஸின் லா சப்பலில் மெத்ரோ ரயில் ஏறி, மொரிசனைப் புதைத்த பெர் லஷேஸ் கல்லறைத் தோட்டத்துக்குக் கதவு திறக்க முன்னமே போய்விட்டார். ரெஸ்ரோறண்டில் லீவு கேட்டபோது முதலாளி, "என்ன அண்ணை, அந்தப் பாட்டுக்காரன் உங்கடை சொந்தக்காரனோ?" என்று நக்கலடித்திருந்தான்.

சொந்தம் மகனுக்குத்தான். வன்னியில் போரால் கரண்ட் இல்லாத காலத்தில் தகப்பன் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்ற, டைனமோவில் கசெற் கேட்டு வளர்ந்தவன் தினேஸ். கை சோர்ந்தால் ஜிம் மொரிசனின் குரல் மாடு கத்துவதுபோல இழுபடும். "சுத்துங்கோ அப்பா, செத்த மனிசனை இன்னொருக்காச் சாக்கொல்லாதேங்கோ" என்பான். கசெற் உறைகளில் அவன் எழுதியதெல்லாம் அரியநாயகத்துக்குப் பாடம்: 1969 வூட்ஸ்ரொக் பாட்டுத் திருவிழா. 1970 புரட்டாதி பதினெட்டு, லண்டனில் ஹென்ட்ரிக்ஸ் சாவு. பதினாறு நாள் கழித்து ஜானிஸ் ஜொப்ளின். அடுத்த ஆடி மூன்று, பாரிஸில் மொரிசன். 'இங்கே ஒருநாள் போகவேணும்' என்று அதற்குக் கீழே கோடும் இழுத்திருந்தான்.

2009 வைகாசியில் போர் முடிந்த பிறகு தினேஸைக் கண்டவர் இல்லை. இரண்டு வருடம் கழித்து, முன்னமே பாரிஸ் வந்துவிட்ட அவரிடம் வந்து சேர்ந்த மனைவி பரமேஸ்வரி, "சனத்துக்குள்ளை கை விட்டுப்போட்டுது" என்றாள். உயிரோடு இருந்தால் ஒரு ஆடி மூன்றுக்கு இந்தக் கல்லறைக்கு வருவான் என்று அரியநாயகம் வருடா வருடம் வந்து நின்றார். ஐம்பதாம் ஆண்டுக்கு வராமல் வேறு எப்போது வருவான்?

"மகன் இன்றைக்கும் பிந்திவிட்டானா?" என்று பிரெஞ்சில் கேட்டார் அந்துவான். ஆண்டுதோறும் கிற்றாரோடு வருகிற கிழவர்.

"சனம் கூடிப்போச்சு. இடம் தேடுறான் போல."

நாலு மணிக்குக் கறுப்புச் சேட்டு ஒன்று முதுகு காட்டி நின்றது. இடது தோள் சற்றுச் சரிந்த, அதே நிற்பு. "தினேஸ்!" ஓடிப்போய்க் கையைப் பிடித்தார். திரும்பியவன் ஒரு பிரேசில்காரன். அரியநாயகத்துக்கும் மொரிசன்மேல் அவ்வளவு பாசம் என்று நினைத்து, அவரைக் கட்டிப்பிடித்து அவனும் அழுதான்.

வீட்டுக்கு வந்து கதிரையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "வரேல்லை. திகதியை மறந்திருப்பான். இனி வேலையை விட்டிட்டு ஒவ்வொரு நாளும் போய் நிக்கப்போறன்."

பரமேஸ்வரி அடுப்பை நிறுத்தினாள். "போகாதேங்கோ."

"ஏன்?"

"சித்திரை இருபத்தொன்பது. பங்கர்க் குழிக்குள்ளை, என்ரை மடியிலைதான் அவன்ரை உயிர் போனது."

"அப்ப சனத்துக்குள்ளை எண்டு..."

"எயாப்போட்டிலை என்னைக் கண்ட பிறகும் நீங்கள் எனக்குப் பின்னாலை பாத்துக்கொண்டு நிண்டியள். நான் என்னெண்டு சொல்ல?"

அவர் கதிரையை விட்டார். "எங்கை தாட்டனீங்கள்?"

"பங்கரை அப்பிடியே மூடினம்."

அரியநாயகம் சுவரைப் பிடித்து மெல்ல நிலத்தில் இருந்தார். பன்னிரண்டு வருடம் தனியே அழுது முடித்தவள், பக்கத்தில் வந்து இருந்து, அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.