எரியுதா, எரியலையா

அப்பா விட்டுப்போன சொத்தில் பிரிக்க முடியாமல் நின்றது ஒரு ஃபியட் கார்தான். 1965 மாடல். வீட்டை நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டோம். காரை அப்படிச் செய்ய வழியில்லை. இரண்டு வீட்டுக்கும் பொதுவான கொட்டகையில் நிற்கிறது. நானும் என் அண்ணன் செல்லப்பாண்டியும் பேசி மூன்று வருஷமாகிறது. காரணம், அந்தக் காரின் பிரேக் லைட்.

குலசாமிக்குப் பொங்கல் வைக்கத் திருச்சுழி ரோட்டில் போய்க்கொண்டிருந்தோம். காரை நான் ஓட்டினேன். உள்ளே பானை, விறகு, என் மாமனார் வீட்டு ஆட்கள் என்று நிறைந்துவிட்டதால், அண்ணன் வாழைத்தாரை முன்னால் வைத்துக்கொண்டு டிவிஎஸ்ஸில் பின்னால் வந்தார். குறுக்கே ஓர் ஆடு வந்தது. பிரேக் போட்டேன். ஆடு பிழைத்தது. அண்ணன் வாழைத்தாரோடு வந்து என் டிக்கியில் மோதினார்.

"பிரேக் லைட்டு எரியலலே! எரிஞ்சிருந்தா நா நின்னுருக்க மாட்டேனா?" என்றார், மூக்கைப் பிடித்துக்கொண்டு.

நான் இறங்காமலே மறுபடி ஒரு மிதி மிதித்து, "நல்லாத்தான் எரியுது" என்றேன். உட்கார்ந்த இடத்திலிருந்து எனக்கு அது எரிவதாகத்தான் தோன்றியது. "கண்ணு எங்கண்ணே போச்சு?" என்றும் கேட்டேன். அதைக் கேட்டிருக்க வேண்டாம். மாமனார் வீட்டார் முன்னால் கேட்டிருக்கவே வேண்டாம்.

"எரியலன்னு நீ ஒத்துக்கிற வரைக்கும் இந்தக் காருல ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டு டிவிஎஸ்ஸைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்குத் திரும்பிவிட்டார். ஏறவும் இல்லை. அதன்பிறகு எங்கள் பேச்சு என் மனைவி ராமலட்சுமி வழியாகத்தான். "தண்ணி வருது, மோட்டாரப் போடச் சொல்லு தாயி" என்பார் அண்ணன். நான் பக்கத்தில்தான் நிற்பேன். "போட்டாச்சுன்னு சொல்லு" என்பேன். அவள் இரண்டு பேருக்கும் ஒன்றும் சொல்லாமல் அவள் வேலையைப் பார்ப்பாள்.

போன வாரம் காரியாபட்டியில் ஒரு லாரி டிரைவர் என் பக்கத்தில் வந்து தலையை நீட்டி, "யோவ், பிரேக் லைட்டு எரியல!" என்று கத்தினார். வீட்டுக்கு வந்து யாரும் பார்க்காத நேரத்தில் பிரேக் சுவிட்சின் இரண்டு வயரையும் கழற்றி ஒன்றோடொன்று முறுக்கிவிட்டுப் போய்ப் பார்த்தேன். பின்னால் விளக்கு ஜெகஜ்ஜோதியாக எரிந்தது. ஆக, பல்பு சரி, வயர் சரி. சுவிட்ச்தான் போயிருக்கிறது. இப்போதுதான் போயிருக்கும், அன்றைக்கு நன்றாகத்தான் இருந்திருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். உற்றுப் பார்த்தால் அதன் முனை பச்சைப்பாசி பிடித்தமாதிரி கிடந்தது. ஒரு வாரத்தில் வந்த பச்சை இல்லை அது.

நாளைக்கு ஆர்.சி. புதுப்பிக்க வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். புது சுவிட்சை அருப்புக்கோட்டையில் வாங்கினால், நான் கடைப்படி இறங்குவதற்குள் அண்ணன் காதுக்குப் போய்விடும். மதுரைக்கே போய் வாங்கி வந்தேன். மெக்கானிக்கையும் கூப்பிடவில்லை. பழையதைக் கழற்றி, ஆயில் குழாயில் அது இருந்த ஓட்டையை விரலால் அடைத்து, பிரேக் ஆயில் முழங்கை வரை வழிய, நானே புதியதை முடுக்கினேன். குழாய்க்குள் புகுந்த காற்றையும் எடுத்தேன்.

பிரேக்கை மிதிப்பது முன்னால், விளக்கு எரிவது பின்னால். மனிதன் ஒருவன்தான். பிரேக் மேல் அம்மிக்குழவியை வைத்தேன். நான் பின்னால் போவதற்குள் உருண்டுவிட்டது. சீட்டுக்கும் பிரேக்குக்கும் நடுவில் கம்பை முட்டுக்கொடுத்தேன். அறுபது வருஷத்துச் சீட்டு, கம்பு அதைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனது.

ராமலட்சுமியைக் கூப்பிட்டேன்.

"அன்னைக்கும் நா திரும்பிப் பாக்கல, இன்னைக்கும் பாக்க மாட்டேன்" என்றாள் அவள். "எரியலன்னு யாரு சொன்னாகளோ, அவுகளையே கூப்பிடுறேன்."

தடுப்பதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் போய்ச் சொல்லிவிட்டு, நேரே வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அண்ணன் வந்தார். வெள்ளை வேட்டி, கை இரண்டும் பின்னால். காருக்குப் பின்புறம் போய் நின்றார். "மிதிக்கச் சொல்லு தாயி" என்றார். அங்கே தாயி இல்லை. இரண்டாம் தடவையும் சொல்லிப் பார்த்தார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மிதிலே" என்றார்.

மூன்று வருஷத்தில் என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தை. மிதித்தேன்.

"எரியல."

விட்டு மிதித்தேன்.

"எரியல."

இறங்கிப்போய் வயரை இறுக்கிவிட்டு வந்து, சீட்டு அதிர மிதித்தேன்.

"எரியலலே."

அப்போதுதான் தற்செயலாகப் பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்த்தேன். அண்ணனின் வேட்டி முழங்காலுக்குக் கீழே செக்கச்செவேலென்று இருந்தது. காலை எடுத்தேன், வெள்ளை. மிதித்தேன், சிவப்பு. அந்தச் சிவப்பில் நின்றுகொண்டுதான் மனிதர் எரியவில்லை என்கிறார்.

எனக்கு வந்த கோபத்துக்கு, இறங்கிப்போய் வேட்டியைப் பிடித்துக் காட்டியிருப்பேன். இன்னும் மூன்று வருஷம் பேசாமல் இருக்க அது போதும். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். விளக்கைப் பார்க்கவே இல்லை அவர். கண்ணாடியில் என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்து சீட்டில் அவர் இல்லாமல் மூன்று வருஷம் இந்தக் காரை ஓட்டியது எனக்குக் கொஞ்சமும் நன்றாக இல்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்ததால், மற்றதைச் சொன்னேன்.

"அன்னைக்கு எரியலண்ணே."

பிறகு அண்ணன் நடந்து வந்து முன்கதவைத் திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கார் அவர் பக்கமாகச் சாய்ந்தது.

"இப்ப எரியுதுலே" என்றார். "கால எடு. பேட்டரி எறங்கிரப் போவுது."