புகைத் தாத்தாவுக்கு ரயில் ஒத்துக்கொள்ளாது

அப்பாவின் கழுத்தில் கட்டிவிட்டிருந்த சிவப்புத் துணியை அவிழ்த்து, வாந்தி உள்பக்கம் போகும்படி சுருட்டிப் பிளாஸ்டிக் பைக்குள் திணித்தாள் அவள். ஈரத்துணியால் மோவாயைத் துடைத்தாள். வாய் ஒருபக்கமாகக் கோணியிருந்ததால் அந்த ஓரத்தில் தங்கியதை விரலால் வழித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. எடுத்தாள். அதில் அவளுக்கு எந்த அருவருப்பும் இல்லை. பல்செட் செய்யும் இடத்தில் வேலை. ஊரார் வாயிலிருந்து வரும் அச்சுகளை எச்சில் காய்வதற்குள் கையில் வாங்கிப் பழகியவள். அவளுக்கு அருவருப்பாக இருந்தது வேறு.

"தாத்தா புகை விட்டுட்டாருடோய்!" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கத்த, ரயில் பெட்டி முழுக்கச் சிரித்தது. சிலர் கைதட்டினார்கள்.

எல்லோரும் பிள்ளைகுட்டி பெற்றவர்கள். சிலருக்குத் தலை நரைத்துவிட்டது. ஆனாலும் ஒரே மாதிரி நீல பனியன் போட்டிருந்தார்கள். அதில் மூக்குக்கண்ணாடி போட்ட கிழட்டு இஞ்சின் ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது. சிலருடைய தொப்பையில் இழுபட்டு அதன் சிரிப்பு விலாவரை போயிருந்தது.

அந்த இஞ்சினுக்குக் குரல் கொடுத்தவர்தான் அப்பா. ஒரு காலத்தில் வாரம் தவறாமல் தொலைக்காட்சியில் வந்த தொடர் அது. காலங்காலமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிவரும் கதைகளையெல்லாம் ரயில் கதைகளாக மாற்றிக் காட்டினார்கள். ஓநாய்களும் இளவரசிகளும் ராட்சசர்களும் ஒவ்வொரு ஸ்டேஷனில் ஏறி இறங்குவார்கள். புகைத் தாத்தா என்ற நீராவி இஞ்சின் அவர்களை இழுத்துக்கொண்டே கதை சொல்லும். மூச்சிரைப்பது, கூவுவது, மலையேறும்போது முனகுவது எல்லாம் அப்பாவின் தொண்டைதான். தொடர் நின்று எத்தனையோ வருஷமாகியும் அதைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆட ஒரு ரசிகர் சங்கம் இருந்தது. அவர்கள்தான் ஒரு பழைய நீராவி ரயிலை ஒரு நாளைக்கு வாடகைக்குப் பிடித்து, அப்பாவைச் சக்கர நாற்காலியோடு தூக்கி முதல் பெட்டியில் வைத்திருந்தார்கள்.

இந்த ஜனங்களுக்குத் தெரியாத விஷயம் ஒன்றுதான். அப்பாவுக்கு ரயில் ஒத்துக்கொள்ளாது.

பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்தால் ஒன்றும் செய்யாது. ரயிலின் அந்தப் பக்கவாட்டு ஆட்டம்தான் ஆகாது. ஏறி உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் முகம் வெளுத்துவிடும். ஒலிப்பதிவு அறையில் ரயில் ஓடும் சத்தத்தைக் காதில் மாட்டிவிட்டால்கூட நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு வாளி வேண்டும். "நான் இழுக்கிற வண்டியில நானே ஏற முடியலைன்னா என்ன பண்றது, சொல்லு" என்பார். ரயில்வே குடியிருப்பில் பிறந்தவர், தகப்பனார் இஞ்சினுக்குக் கரி அள்ளிப் போட்டவர் என்று தொலைக்காட்சிக்காரர்கள் கதை கட்டிவிட்டார்கள். உண்மையில் அப்பாவின் தகப்பனார் தையல்காரர். சங்கத்தின் அழைப்பு வரும்போதெல்லாம் அப்பா முதுகுவலி என்பார், காய்ச்சல் என்பார். போனை வைத்துவிட்டு அவளைப் பார்த்து மூக்கைச் சுளிப்பார். அவளும் சுளிப்பாள். அந்த ஒரு சுளிப்பில் அப்பாவும் மகளும் எத்தனையோ சாயங்காலங்களைச் சிரித்துக் கழித்திருக்கிறார்கள்.

பக்கவாதம் வந்து பேச்சு போன பிறகு சாக்குச் சொல்ல அவரால் முடியாமல் போயிற்று.

காலையில் அவள் குளித்துவிட்டு வெளியே வந்தபோது, வெளியூரிலிருந்து வந்திருந்த அண்ணன் அதே நீல பனியன் போட்டுக்கொண்டு அப்பாவுக்கு அந்தச் சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டிருந்தான். வாசலில் வேன் நின்றது.

"என்னண்ணா இது?"

"ஒரு சர்ப்ரைஸ். அப்பாவை ரயில்ல கூட்டிட்டுப் போறோம். உங்கிட்ட முன்னாடியே சொன்னா நீ குறுக்கே விழுவேன்னுதான் சொல்லல."

"உனக்கென்ன பைத்தியமா? ரயில்ல ஏறினா அவருக்கு வாந்தி வரும்னு தெரியாதா உனக்கு?"

"அதெல்லாம் அந்தக் காலம். நம்ம சின்னப் பிள்ளையா இருந்தப்ப."

அப்பா தொண்டைக்குள்ளிருந்து "ம்ஹூம்" என்றார். இடது கையால் நாற்காலியின் பிடியைத் தட்டினார். மறுபடியும் "ம்ஹூம்."

"வேண்டாங்கிறார்ண்ணா."

"சந்தோஷத்துல வர்ற சத்தம் அது. எனக்குத் தெரியாதா?" என்றான் அண்ணன். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ கூட வச்சிருக்கே, பாத்துக்கிறே, சரி. அவரை ஒரு நாளாவது வெளியே கூட்டிட்டுப் போயிருக்கியா? நாலு சுவத்தைப் பாத்துக்கிட்டே போய்ச் சேரட்டும்னு விட்டுட்டே" என்றான்.

அது அவள் வாயைக் கட்டிப்போட்டுவிட்டது. மாற்றுத்துணி, ஈரத்துணி, பிளாஸ்டிக் பைகள் என்று கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வேனில் ஏறினாள். அதை நினைக்க இப்போது தன்மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது.

சங்கத் தலைவர் நடைபாதையில் தள்ளாடி வந்தார். மருந்துக்கடைக்காரர். பித்தளைப் பொத்தான் வைத்த கறுப்புக் கோட்டும் தொப்பியும் மாட்டி, கையில் பச்சைக்கொடியோடு திரிவதால் எல்லோரும் அவரை கார்டு என்றுதான் கூப்பிட்டார்கள்.

"அம்மா, ஒரு சின்ன வேண்டுகோள். தாத்தா ஒரே ஒரு தடவை அந்தக் கூவல் கூவினா..."

"அவருக்குப் பேச்சு வராதுங்க."

"பேச வேணாம்மா. கூவினாப் போதும். அது ரத்தத்துல ஊறினது. ரயில் சத்தம் கேட்டா தானா வரும்." குனிந்து அப்பாவின் காதருகே வாயைக் கொண்டுபோய், "கூ...வ்" என்று இழுத்துக் காட்டினார். எச்சில் தெறித்தது. அப்பா கண்களை மூடிக்கொண்டார்.

"பாத்தீங்களா, ரசிக்கிறார்!"

பின்னால் இரண்டு பேர், மூன்றாம் வருஷத்துக்குப் பிறகு கூவலின் சுருதி ஏன் மாறிற்று என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இஞ்சினின் கொதிகலனை மாற்றியதாகக் கதையில் வருகிறது, அதற்கு ஏற்றாற்போல் தாத்தா நுணுக்கமாக மாற்றிக்கொண்டார் என்றார் ஒருவர். அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டதுதான் காரணம் என்று அவளுக்குத் தெரியும். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று அவளுக்கே நிச்சயமில்லை.

ரயில் மலையேறத் தொடங்கியதும் ஆட்டம் அதிகமாயிற்று. கரிப்புகை ஜன்னல் வழியே சுருண்டு உள்ளே வந்தது. "ஆகா, இந்த வாசனை!" என்று ஒரு பெண்மணி மூச்சை இழுத்துக் கண்கலங்கினாள். தங்கை ஜன்னலை மூடப் போனபோது அண்ணன் தடுத்தான்.

"எல்லாரும் இதுக்குத்தானே வந்திருக்காங்க. கொஞ்சம் பொறுத்துக்கோயேன்."

அண்ணன் முகம் பளபளத்தது. பள்ளிக்கூடத்தில் யாரும் சீந்தாத பையனாக இருந்தவன் அவன். புகைத் தாத்தாவின் பிள்ளை என்று தெரிந்த பிறகுதான் பெஞ்சில் இடம் விட்டார்கள். இன்றைக்கும் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்திருக்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது. இரக்கப்பட்டிருக்கலாம். அப்போது அதற்கும் அவளிடம் எதுவும் மிச்சமில்லை.

அப்பா மறுபடி வாந்தியெடுத்தார். இந்த முறை வெறும் மஞ்சள் தண்ணீர். அவரை ஒருக்களித்துச் சாய்த்து, வாயைத் துடைத்து, முதுகைத் தடவினாள். அவர் அவளைப் பார்த்தார். மூக்கின் இடதுபக்கம் மட்டும் லேசாகச் சுருங்கியது. சுளிக்கப் பார்க்கிறாரா, வலியா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அவளும் பதிலுக்கு மூக்கைச் சுளித்தாள். அவர் ஒரு மூச்சை நீளமாக விட்டார். அதை மறுபடி இழுக்கவில்லை.

அவள் காத்திருந்தாள். மூக்கருகே விரலை வைத்தாள். வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினாள். மார்பில் காதை வைத்துக் கேட்டபோது சக்கரங்களின் சத்தம்தான் கேட்டது. அம்மா போகும்போதும் பக்கத்தில் இருந்தவள் அவள். இது என்னவென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

நிமிர்ந்து அண்ணனைக் கூப்பிட வாயெடுத்தாள். அந்த நேரம் பார்த்து கார்டு கொடியை ஆட்ட, பெட்டி முழுக்க எழுந்து நின்று தொடரின் பாட்டைப் பாடத் தொடங்கியது. ஏறிக்கோ ஏறிக்கோ என்று பாடி, கைகளைச் சக்கரம்போல் சுற்றினார்கள். வேர்வையில் நனைந்த அக்குள்கள், திறந்த வாய்கள், அழுகிற கண்கள். இவள் ஒரு சொல் சொன்னால் போதும், அத்தனை பேரும் அப்பாமேல் வந்து விழுவார்கள். தொடுவார்கள், முத்தமிடுவார்கள், படம் எடுப்பார்கள்.

அவள் அப்பாவின் கண்களை மூடி, அவர்கள் வைத்துவிட்ட தொப்பியை நெற்றிக்குக் கீழே இறக்கிவிட்டாள். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். அவர் கையைத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

பாட்டு முடிந்ததும் வரிசையாக வந்தார்கள்.

"தூங்குறார்" என்றாள் ஒவ்வொருவரிடமும்.

"அடடா, தாலாட்டுன மாதிரி இருந்திருக்கும்" என்றாள் கண்கலங்கிய பெண்மணி. அப்பாவின் தலைக்குப் பக்கத்தில் தன் தலையைச் சாய்த்துப் படம் எடுத்துக்கொண்டாள்.

அண்ணன் வந்தான். "தூங்குறாரா?"

"ம்."

அவன் சிரித்துக்கொண்டே போர்வையைச் சரிசெய்தான். "பாத்தியா, நீதான் சும்மா பயந்தே" என்று சொல்லிவிட்டுப் போனான். வண்டி சுரங்கத்துக்குள் நுழைந்தது. இருட்டில் எல்லோரும் பிள்ளைகளைப்போல ஊளையிட்டார்கள். மலையுச்சி ஸ்டேஷன் வரும்வரை அவள் அந்தக் கையை விடவில்லை.

எல்லோரும் இறங்கிய பிறகுதான் அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவன் அப்பாவின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான். தொப்பியை எடுத்தான். மறுபடி வைத்தான்.

"எப்போ?"

"சுரங்கத்துக்கு முன்னாடி."

"அப்போ நான் வந்து கேட்டப்ப..."

அவன் நாற்காலியின் காலடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

பக்கத்து ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டரம்மா வந்து பார்த்தார். வாந்தி மூச்சுக்குழாயில் போயிருக்கலாம், இதயமும் தாங்காமல் போயிருக்கலாம் என்றார். "இந்த உடம்போட ஏன் இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தீங்க?" என்று பொதுவாகக் கேட்டார். சான்றிதழ் எழுதிக்கொடுத்துவிட்டு, கீழே கொண்டுபோக ஆஸ்பத்திரி வேனை அனுப்பச் சொல்வதாகச் சொல்லிப் போனார்.

அவர் தலை மறைந்ததும் பிளாட்பாரத்தில் ஒரே அழுகை. அதற்கு நடுவில் ஒருவர், "கொடுத்து வச்சவர்யா. ரயில்லயே உயிர் போச்சே! யாருக்குக் கிடைக்கும்?" என்றார். அது வாய்க்கு வாய் தாவிற்று. கொஞ்ச நேரத்தில் அழுகிற முகங்களில் ஒருவிதத் திருப்தி வந்து உட்கார்ந்துகொண்டது. தங்கள் கண்முன்னால் நடந்துவிட்ட திருப்தி.

கார்டு கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பெட்டிக்குள் வந்தார். "அம்மா, வேன் எதுக்கு? தாத்தாவை இதே வண்டியில, முதல் பெட்டியில மரியாதையோட கூட்டிட்டுப் போறோம். வழியெல்லாம் பாடிட்டே போவோம். அண்ணன் சரின்னு சொன்னா..."

அண்ணன் தலையைத் தூக்கினான். அவன் ஏதோ சொல்வதற்குள் அவள் எழுந்து நின்றாள்.

"அவர் இதுல ஏற மாட்டார்."

"அம்மா, அவர் உயிரே ரயில்தான..."

"ரயில்னாலே அவருக்கு வாந்தி வருங்க. சின்ன வயசுலேர்ந்து. உங்க கூட்டத்துக்கு ஒரு தடவையும் அவர் வரலையே, ஏன்னு நெனச்சீங்க? காய்ச்சலும் இல்ல, முதுகுவலியும் இல்ல. அவருக்கு இதெல்லாம் குமட்டும். காலைல வேண்டாம்னுதான் சொன்னார். நாங்க கேக்கல."

கார்டு அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்தான். மருந்துக்கடைக்காரரின் முகம் மெல்லத் தொங்கிப்போயிற்று. அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவளுக்கு நெருக்கமாக வந்தார்.

"இதை வேற யார்கிட்டயும் சொல்லிடாதீங்கம்மா" என்றார். "தாங்க மாட்டாங்க."

அவள் அவருடைய பித்தளைப் பொத்தான்களைப் பார்த்தாள். ஒவ்வொன்றையும் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியிருந்தார். அவளுக்கு வந்த சொற்கள் எதுவும் ஒரு சாவு நடந்த இடத்தில் சொல்லத்தக்கவையாக இல்லை. குனிந்து அப்பாவின் காலடியில் கிடந்த பைகளைப் பொறுக்கத் தொடங்கினாள்.

வேன் வந்தது. அப்பாவை ஸ்ட்ரெச்சரில் மாற்றும்போது பத்துப் பதினைந்து கைகள் நீண்டன. அண்ணன், "யாரும் தொட வேணாம்" என்றான். தலைப்பக்கம் அவனும் கால்பக்கம் வேன் டிரைவரும் தூக்கினார்கள்.

வேனுக்குள் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். மலைப்பாதை வளைந்து வளைந்து இறங்கியது. அவளுக்கு அண்ணன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அந்த நீல பனியனை அவன் இன்னும் கழற்றவில்லை.

அடிவாரத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. டிரைவர் வண்டியை நிறுத்தினார். கொஞ்ச நேரத்தில் அந்த ரயில் இறங்கி வந்தது. பெட்டிக்குள் அவர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல்களில் கைகள் ஆடின. முன்கண்ணாடிக்கு அப்பால் பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கடந்து போவதை அண்ணன் வாயைத் திறந்துகொண்டு பார்த்தான். கடைசிப் பெட்டியும் போன பிறகு கேட் எழுந்தது.

"அண்ணே" என்றான் டிரைவரிடம். "மெதுவா போங்க. ஆட்டாம."

டிரைவர் திரும்பி ஒரு கணம் அவனைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். வண்டி நகர்ந்தது. தண்டவாளத்தின் மேல் முன்சக்கரங்கள் ஏறியபோது, அண்ணன் இருக்கையிலிருந்து இறங்கி மண்டியிட்டு, அப்பாவின் தலைக்கு அடியில் இரண்டு கைகளையும் கொடுத்துக் குலுங்காமல் பிடித்துக்கொண்டான்.