யாராவது ஏதாவது கொடுத்தார்களா?

மரகதம் எதையும் எளிதில் நம்புகிறவள் அல்ல. பால் கேனில் தேதி அச்சடித்திருந்தாலும் மூடியைத் திறந்து மோந்து பார்த்த பிறகுதான் காப்பி போடுவாள். ஹில்கிராஃப்ட் தெரு இந்தியக் கடையில் வாங்கிய துவரம்பருப்பை வீட்டுக்கு வந்து இன்னொரு தரம் நிறுத்துப் பார்ப்பாள். ஹூஸ்டனுக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகியும், வாசற்கதவைப் பூட்டிக் காரில் ஏறியவள் திரும்ப இறங்கிப்போய்க் கைப்பிடியை இழுத்துப் பார்க்காமல் எங்கும் கிளம்பியதில்லை. அப்பேர்ப்பட்டவள், தொண்ணூற்றெட்டாம் வருஷம் புரட்டாசி மாதத்தில் தனியாக இந்தியாவுக்குப் போய்வருவது என்று தீர்மானித்துவிட்டாள்.

அதற்கு முன்பு ஐந்து தடவை கணவர் பசுபதியோடு ஊருக்குப் போயிருக்கிறாள். ஐந்து தடவையும் கன்னியாகுமரி என்று அவள் வாயெடுத்ததுமே அவர் முடித்துவைத்துவிடுவார்.

"அங்க என்ன அம்மிணி இருக்குது? தண்ணி. பக்கத்துல நம்ம கால்வெஸ்டன் கடல்ல இல்லாத தண்ணியா?"

இந்த வருஷம் அவருடைய பெட்ரோல் சுத்திகரிப்பு ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஷட்டவுன் வேலை. லீவு கிடையாது. "அப்ப நான் மட்டும் போறனுங்க" என்றாள் மரகதம். உடுமலைப்பேட்டையில் அக்கா வீட்டில் பத்து நாள். அதன்பிறகு யார் துணையும் இல்லாமல் மதுரை, ராமேஸ்வரம், கன்னியாகுமரி.

"தனியாவா?" என்று பசுபதி கேட்டார். அப்புறம் ஹூஸ்டனில் இருந்த தமிழர் எல்லோரும் கேட்டார்கள். எதிர் வீட்டு ஸ்வர்ணா ஒருபடி மேலே போய்க் குரலைத் தாழ்த்தி, "மரகதம், வீட்ல எதுவும் ப்ராப்ளம் இல்லையே? என்கிட்ட சொல்லு, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள். அவளிடம் சொன்னால் ஆஸ்டின் வரைக்கும் போய்ச் சேரும் என்பது மரகதத்துக்குத் தெரியும். ஒரு பிரச்சினையும் இல்லாததால் சொல்வதற்கும் ஒன்றுமில்லாமல் போயிற்று.

கேட்டவர்கள் யாரும் வெறுங்கையோடு வரவில்லை. ஊருக்கு ஒருவர் கிளம்பினால் மற்றவர்கள் பார்சல் கொடுத்தனுப்புவது நம் ஆட்களின் வழக்கமாயிற்றே. "சின்னதுதான் ஆன்ட்டி, வெயிட்டே இல்ல" என்று சொல்லித்தான் எல்லோரும் நீட்டுவார்கள். மரகதம் சாப்பாட்டு மேசையில் ஒரு பழைய விரிப்பைப் போட்டு, குளியலறைத் தராசைக் கீழே வைத்து, கத்திரிக்கோலோடு உட்கார்ந்துவிட்டாள். கொண்டுவந்தவர் எதிரிலேயே பிரித்துப் பார்க்காமல் ஒன்றையும் வாங்குவதில்லை. பாலசுப்ரமணியன் சாக்லேட் என்று கொடுத்த டப்பாவுக்குள் ஒரு கார்ட்லெஸ் போனே படுத்திருந்தது.

"அது சும்மா, கேப் இருந்துதேன்னு..." என்று அவர் தலையைச் சொறிந்தார்.

"கேப்புல வெச்சது போனுங்களா, போனுக்கு மேல தூவுனது சாக்லேட்டுங்களா?" என்றாள் மரகதம்.

அவள் இத்தனை கெடுபிடி செய்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அந்த வருஷங்களில் விமானத்தில் பெட்டி போடும் இடத்தில் இரண்டு கேள்வி கேட்பார்கள். பெட்டியை நீங்களேதான் அடுக்கினீர்களா? யாராவது ஏதாவது கொடுத்தனுப்பினார்களா? பெட்டியில் பாதி அடுத்தவர் சாமானை வைத்துக்கொண்டு, முதலாவதற்கு ஆமாம், இரண்டாவதற்கு இல்லை என்று நம்மவர்கள் கண்ணைச் சிமிட்டாமல் சொல்லிவிடுவார்கள். இதுவரை மரகதத்துக்கும் சேர்த்துப் பசுபதிதான் சொல்லிவந்தார். அவளுக்குப் பொய் வராது. சொல்லப் புகுந்தாலே வலது கை தானாகப் போய்த் தோட்டின் திருகைத் திருக ஆரம்பித்துவிடும்.

எனவே தினமும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒத்திகை நடந்தது. பசுபதி தோசைத் திருப்பியைக் கையில் பிடித்து, முகத்தை விறைப்பாக்கிக்கொள்வார்.

"மேடம், யாராவது ஏதாவது குடுத்தாங்களா?"

"இ... ஸ்வர்ணா கொஞ்சம் விட்டமின்..." கை தோட்டுக்குப் போய்விடும்.

"போச்சு! உன்னைய அங்கயே ஓரமா உக்கார வெச்சிருவாங்க. ப்ளேன் போயிரும். அப்புறம் கன்னியாகுமரியும் இல்ல, கால்வெஸ்டனும் இல்ல."

அவருக்குச் சிரிப்பு. இவள் தட்டுகளை அடுக்கிக்கொண்டு எழுந்துவிடுவாள்.

கிளம்புவதற்கு நான்கு நாள் முன்பு, செவ்வாய்க்கிழமை மத்தியானம் வாசல் மணி அடித்தது. வார நாளில், அதுவும் மத்தியானத்தில், யாரும் வரமாட்டார்கள். மரகதம் கதவுத் துளை வழியாகப் பார்த்தாள். இருபத்துநான்கு, இருபத்தைந்து வயதில் ஒரு பெண். பின்னால் காரைக் காணோம். ஹூஸ்டனில் ஒருவர் கார் இல்லாமல் வந்து நிற்பதே சந்தேகப்படவேண்டிய சங்கதி. நடைபாதை கிடையாது, முதல்நாள் பெய்த மழையில் சாலையோரம் முழுக்கச் சேறு. அந்தப் பெண்ணின் செருப்பெல்லாம் மண்.

"ஆன்ட்டி, என் பேர் வான்மதி. நேத்து போன் பண்ணினேனே, தாராபுரம்."

முதல்நாள் ஒரு போன் வந்தது உண்மைதான். ஊருக்குப் போகிறீர்களா, எப்போது என்று கேட்டுவிட்டுச் சட்டென்று வைத்துவிட்டிருந்தாள். உள்ளே வந்ததும் மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தாள். பிறகு தோள்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். துணியில் வைத்து, நெருக்கமாகக் கையால் தைத்திருந்தது.

"அம்மாவுக்கு ரெண்டு சேலை ஆன்ட்டி. நீங்க உடுமலைக்குப் போனதும் இந்த நம்பருக்கு போன் பண்ணா அம்மாவே பஸ் ஏறி வந்து வாங்கிக்குவாங்க. அம்மா கையில மட்டும் குடுங்க. மாமா வந்தா குடுக்காதீங்க."

"சரி, பிரிச்சுப் பாத்துரலாம்" என்று மரகதம் கத்திரிக்கோலை எடுத்தாள்.

"வேண்டாம் ஆன்ட்டி!" அந்தப் பெண் இரண்டு கையாலும் பொட்டலத்தை மூடிக்கொண்டாள். "இப்ப வேண்டாம். நான் போகணும், அவர் மூணு மணிக்கு வீட்டுக்கு போன் பண்ணுவார். நான் எடுக்கணும். எங்க வீட்டுக்கு மட்டும் போன் பண்ணிராதீங்க."

மரகதம் வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டு, ஏறக்குறைய ஓடியே போய்விட்டாள்.

மரகதம் பொட்டலத்தை அழுத்திப் பார்த்தாள். சேலைதான், ஆனால் நடுவில் என்னவோ மொடமொடத்தது. போதைத் தூளா? நோட்டுக் கட்டா? அடுத்தவர் கொடுத்ததை வாங்கிப்போய் விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டவர்களின் கதை எத்தனை கேட்டிருக்கிறாள்! அதை வீட்டுக்குள் வைத்திருக்கவே மனம் வரவில்லை. கராஜில் வாஷிங் மெஷின்மேல் வைத்து, ஒரு வாளியைக் கவிழ்த்து மூடினாள். சிரிக்காதீர்கள், வெடித்தால் வாளியோடு போகட்டும் என்றுதான்.

பசுபதி வந்து வாளியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதென்ன, கோழி அடைகாக்குதா?" என்றார். விஷயத்தைச் சொன்னதும், "திருப்பிக் குடுத்துரு" என்றார். எங்கே போய்க் கொடுப்பது? வீட்டு விலாசம் தெரியாது. போனும் பண்ணக் கூடாதாம். பிரிக்கலாமா, குப்பையில் போடலாமா என்று இரண்டு நாள் அந்த வாளியையே சுற்றிச் சுற்றி வந்தாள். மூன்று டம்ளர் தண்ணீர் குடித்த அந்த வேகம் நினைவுக்கு வந்து இரண்டையும் செய்யவிடவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் மறுபடியும் மணி அடித்தது. இந்தத் தடவை வாசலில் கார் நின்றது. கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க, கையில் மிட்டாய்ப் பெட்டியோடு ஓர் இளைஞன்.

"வணக்கம் அங்கிள், வணக்கம் ஆன்ட்டி. நான் சபரி. வான்மதியோட ஹஸ்பண்ட்."

அவன் ஷூவைக் கழற்றி, இரண்டு குதிகாலும் சுவரைத் தொடும்படி ஒரே நேராக வைத்தான். சற்று விலகியிருந்த பசுபதியின் செருப்பையும் குனிந்து நேர் செய்தான். மரகதம் அதைப் பார்த்தாள்.

"தனியா இந்தியா போறீங்களாமே ஆன்ட்டி! க்ரேட்" என்றபடி உட்கார்ந்தான். "ஒண்ணுமில்ல ஆன்ட்டி. எங்க வீட்டு போன்ல ரீடயல் அமுக்கினேன், கடைசியாப் பேசின நம்பர்னு உங்க வீடு வந்துச்சு. வான்மதி அவளா யாருக்கும் போன் பண்ற டைப் இல்ல. செவ்வாய்க்கிழமை வந்து பாக்கறேன், செருப்புல சேறு. எங்க காம்ப்ளக்ஸ்ல சேறே கிடையாது ஆன்ட்டி, எல்லாம் சிமென்ட்." சொல்லிவிட்டுச் சிரித்தான். "அவ ஒரு குழந்தை மாதிரி. ஏதாவது லெட்டர் கிட்டர் குடுத்திருந்தா சொல்லுங்க, நான் வாங்கிட்டுப் போயிர்றேன்."

மேசையில் பிரித்த பார்சல்கள் வரிசையாக இருந்தன. அவன் கண் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போயிற்று. ரீடயல், செருப்பு, சேறு. பாலை மோந்து பார்க்கிறவள்தான் அவள், பருப்பை நிறுத்துப் பார்க்கிறவள்தான். ஒரு மனுஷியை இப்படி நிறுத்துப் பார்க்க அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

"சொல்லுங்க ஆன்ட்டி. அவ ஏதாவது குடுத்தாளா?"

நான்கு நாளாகத் தோசைத் திருப்பியோடு கேட்ட அதே கேள்வி.

"இல்லீங்களே" என்றாள் மரகதம்.

கை மடியிலேயே கிடந்தது. அவளுக்கே ஆச்சரியம். பசுபதி ஒரு நொடி அவள் கையைப் பார்த்தார், காதைப் பார்த்தார், பிறகு சபரியின் பக்கம் திரும்பி வாய்விட்டுச் சிரித்தார்.

"தம்பி, எங்க அம்மிணிக்குப் பொய் சொல்லவே வராது. ஏர்போர்ட்ல சொல்றதுக்கு ஒரு பொய் நாலு நாளா சொல்லிக் குடுக்கறேன், வரமாட்டேங்குது. வேணும்னா எதிர் வீட்டு ஸ்வர்ணாவைக் கேட்டுப் பாருங்க."

சபரியும் சிரித்தான். ஆனால் விடவில்லை. "உங்க போன யூஸ் பண்ணிக்கலாமா அங்கிள்?" என்று எழுந்தவன், கேட்ட கையோடு எண்களை அழுத்தி ஸ்பீக்கரையும் அழுத்தினான். ஒரே மணியில் அந்தப் பக்கம் எடுத்தாயிற்று.

"வான்மதி, நான் மரகதம் ஆன்ட்டி வீட்ல இருக்கேன். ஆன்ட்டி எல்லாத்தையும் சொல்லிட்டாங்க."

ஸ்பீக்கரில் வான்மதியின் மூச்சு மட்டும் கேட்டது. இன்னும் ஒரு நொடி போனால் அவள் அழுதுவிடுவாள், எல்லாம் வெளியே வந்துவிடும். மரகதம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"ஆமாங் கண்ணு, எல்லாம் சொல்லிட்டேன்! எப்ப ஊருக்குப் போறீங்கன்னு மட்டும் கேட்டுட்டு நீ போனை வெச்சிட்டே, ஒண்ணுமே குடுத்துவிடலைன்னு சொல்லிட்டேன். அம்மாவுக்கு ஒரு ஹார்லிக்ஸாவது குடுத்துவிட்டிருக்கக் கூடாதா? சரி விடு. நான் கன்னியாகுமரிக்குத் தனியாப் போறேன். தனியாப் போனா ஒண்ணும் ஆகறதில்லைன்னு போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

"சரிங்க ஆன்ட்டி" என்றது அந்தக் குரல். "நல்லபடியாப் போய்ட்டு வாங்க."

சபரி ஸ்பீக்கரை அணைத்து, ரிசீவரைத் தூக்கிச் சரியாக அதன் இடத்தில் பொருந்தும்படி வைத்தான். மிட்டாய்ப் பெட்டியை விட்டுவிட்டுப் போனான். கார் தெருமுனை திரும்பும் வரைக்கும் மரகதம் கதவுத் துளையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மிட்டாயை நேராகக் குப்பைத் தொட்டியில் போட்டாள்.

அப்புறம் கராஜுக்குப் போய் வாளியை நிமிர்த்தினாள். என்னதான் ஆனாலும் பிரித்துப் பார்க்காமல் எடுத்துப்போவதில்லை என்ற விதி விதிதான். தையலை ஒவ்வொரு கண்ணியாக வெட்டினாள். இரண்டு சேலை இருந்தது. அந்தப் பெண் அதில் பொய் சொல்லவில்லை. சேலை மடிப்புக்குள் பிளாஸ்டிக் உறையில் பள்ளிச் சான்றிதழ், எம்.எஸ்ஸி. பட்டம், பிறப்புச் சான்றிதழ், தாயும் மகளும் நிற்கும் ஒரு போட்டோ. எல்லாவற்றுக்கும் மேலே நான்காக மடிக்காமல் அப்படியே வைத்த ஒரு கடிதம். படிக்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். கண் அதற்குள் பாதியைப் படித்துவிட்டது.

'அம்மா, இதெல்லாம் பத்திரமாக வை. இனிமேல் என் கையில் பாஸ்போர்ட் மட்டும் இருந்தால் போதும். தை மாதத்துக்குள் ஒரு கைப்பையோடு நான் தனியாக வந்துவிடுவேன். மாமாவிடம் சொல்லாதே, சமாதானம் பேசித் திருப்பி அனுப்பிவிடுவார். இதைக் கொண்டுவரும் ஆன்ட்டி யாரையும் நம்பமாட்டாராம், எல்லோரும் அவரைக் கேலி செய்கிறார்கள். அதனால்தான் அவரைத் தேடிப் போனேன். இவர் போய் இனிக்க இனிக்கப் பேசினாலும் அவர் நம்பமாட்டார்.'

பசுபதி பின்னால் வந்து, "என்ன அம்மிணி, தூளா?" என்றார். அவள் கடிதத்தை அவரிடம் காட்டவில்லை.

"சேலைங்க. நல்ல சேலை" என்று மட்டும் சொன்னாள். ஊசியில் இரட்டை நூல் கோத்து, முன்பு இருந்ததைவிட நெருக்கமாகத் தைத்தாள். போட்டோவை மட்டும் வெளியே எடுத்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை விமான நிலையத்தில், பெட்டி போடும் இடத்துப் பெண் தலையை நிமிர்த்தாமலே கேட்டாள். நீங்களேதான் அடுக்கினீர்களா? ஆமாம். யாராவது ஏதாவது கொடுத்தார்களா?

பசுபதிக்கு வேர்த்துவிட்டது.

"நோ" என்றாள் மரகதம், பருப்பு என்ன விலை என்று கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி.

கேட் வரைக்கும் கூடவே வந்த பசுபதி, "தேறிட்ட அம்மிணி" என்றார். பிறகு, "அந்தப் பொண்ணு ஜனவரில டிக்கெட் எடுக்கணும்னா யார் கொண்டுபோய் ஏர்போர்ட்ல விடுவாங்க?" என்றார் தரையைப் பார்த்தபடி. மனுஷர் கராஜில் பின்னால் வந்து நின்றார் என்பது தெரியும். கடிதத்தை எப்போது பார்த்தார் என்று அவளுக்குப் புலப்படவில்லை.

"நீங்கதான்" என்றாள். "மூணு மணி போனுக்கு அப்புறம்."

விமானத்தில் ஜன்னலோர இடம். பக்கத்தில் யாரும் இல்லை. பொட்டலம் அவள் மடியில் இருந்த பையில், பையின் வார் அவள் மணிக்கட்டில் இரண்டு சுற்று. போட்டோவை எடுத்துப் பார்த்தாள். தாயின் இடது கன்னத்தில் பெரிய மச்சம். உடுமலை பஸ் ஸ்டாண்டில் நான்தான் அம்மா என்று யார் வந்து நின்றாலும் மச்சத்தைப் பார்க்காமல் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தாள். பார்த்தால் மட்டும் போதாது, விரலால் தேய்த்தும் பார்க்கவேண்டும். மையால் மச்சம் வைத்துக்கொண்டு வருகிறவர்களும் உண்டே.