களைக்கு மானியம்

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டில் கீரை வாங்க நின்றபோது, முன்னால் நின்ற ஆள் கடைக்காரரிடம் சொன்னதை ஒட்டுக்கேட்டேன். அவர் பாதியிலேயே கிளம்பிவிட்டார். மீதியை நான் போடுகிறேன். நம்புவது உங்கள் பாடு. நானே முழுக்க நம்பவில்லை.

2

'கிராஞ்சியின் பச்சை வயல்மீது காலைக் கதிரவன் தன் பொற்…'

வேண்டாம். வெயில் என்று சொன்னால் போதும்.

அழகர்சாமி கிராஞ்சியில் குத்தகை நிலத்தில் கீரை போடுகிறவர். போன வருஷம் அரசாங்கக் கடிதம் வந்தது. கால்வாயோர நிலத்துண்டில் எதையும் நடாமல், எதையும் பிடுங்காமல் விட்டால் மானியம் உண்டு. பட்டாம்பூச்சிகளுக்காகவாம். குத்தகையை நீட்டிக்கும்போதும் அந்தத் துண்டைத்தான் பார்ப்பார்களாம்.

"ஒன்னும் செய்யாம இருக்கிறதுக்குக் காசா? இதுல எங்கயோ ஆப்பு இருக்கு," என்றார்.

"இத்தன வருஷமா வீட்டுல அதத்தான சும்மா செய்றீங்க? கையெழுத்தப் போடுங்க," என்றாள் மனைவி சந்திரமதி.

போட்டார். புல் இடுப்பளவு வளர்ந்தது.

(இந்த அழகர்சாமியை நல்லவராகக் காட்டவா என்று யோசித்தேன். மானியம் வாங்குகிற ஆள். கொஞ்சம் கண்காணிப்போம்.)

3

குத்தகை முடிய ஒரு மாதம் இருக்கையில், பார்வையிட அதிகாரி வரும் நாள் வந்தது. காலையில் கீரையைத் தேக்காவில் இறக்கிவிட்டுத் திரும்பிய அழகர்சாமி கால்வாயோரம் போனார். மொட்டைத் தரை. கூட்டிப் பெருக்கி, நடுவில் கோலம்.

"ஆபீசர் வர்ற எடம் இப்படியா குப்பையா கெடக்கும்?" என்றாள் சந்திரமதி, மூச்சு வாங்க.

"அடியே, அது குப்பை இல்ல. அதுதான் சரக்கே!"

பிடுங்கியதெல்லாம் சாக்கில் இருந்தது. கொட்டினார். ஒவ்வொன்றாகத் திரும்ப நட ஆரம்பித்தார். நாற்பது வருஷக் கை, கோணலாக நட வரவில்லை. சாணுக்கு ஒன்று, நேர் வரிசை.

4

அதிகாரி நிவேதிதா வந்து நின்றாள்.

"அங்கிள், இது என்ன?"

"களைம்மா."

"லைனாவா முளைக்கும்?"

"ஒழுக்கமான களை லா."

சந்திரமதி குறுக்கே வந்தாள். "அவர்மேல தப்பில்லம்மா. நீங்க வர்றீங்கன்னு நான்தான் சுத்தம் பண்ணேன். வீட்டுக்கு ஆள் வந்தா பெருக்க மாட்டோமா?"

நிவேதிதா சிரிப்பை விழுங்கிக்கொண்டு டேப்லட்டைத் திறந்தாள். 'நிலம் தொடப்படாமல் உள்ளதா?' ஆம், இல்லை. இரண்டே கட்டம்.

5

முடிவு ஒன்று: பட்டாம்பூச்சி ஒன்று பறந்து வந்து அந்த வரிசையில் அமர, அதிகாரியின் மனம் இளகி… (அடித்துவிட்டேன். வாடின செடியில் உட்கார அதற்கென்ன பைத்தியமா?)

முடிவு இரண்டு: 'இல்லை'யைத் தொட்டாள். குத்தகை போயிற்று. அழகர்சாமி ஈசூனில் பத்தாவது மாடி வீட்டுக்குள் அடைந்து… (மேலே எழுதக் கை வரவில்லை. வாசல் பெருக்கியதற்கா இந்த அடி?)

முடிவு மூன்று: 'ஆம்.' பொய். நாளைக்கு மேலதிகாரி வந்து வரிசையைப் பார்த்தால் அந்தப் பெண்ணுக்கு வேலை போகும்.

நான் எந்த அரசாங்கப் படிவத்திலும் கட்டம் தொட்டதில்லை. தொட்டால் மாட்டிக்கொள்வோம் என்பது என் எண்ணம். நீங்கள் தொடுங்கள்.

நிவேதிதாவின் விரல் இரண்டு கட்டங்களுக்கும் நடுவே நிற்கிறது. அழகர்சாமி மண் கையோடு கேட்கிறார்:

"அதுக்குள்ள கொஞ்சம் தண்ணி ஊத்திக்கவாம்மா? வெயில் ஏறுது, செத்துரும்."