மத்தியான வாளி

ஐஸ் ஆலையிலிருந்து வெளியேறும் அம்மோனியாவை அளக்கவந்த அரசாங்க டெக்னீஷியனுக்கு அவள் அக்கா வைத்த பெயர் லேசரு. மதிற்சுவரின் இந்த முனையில் கருவி, அந்த முனையில் கண்ணாடி. கருவி விடும் லேசர் ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பும். வழியிலுள்ள அம்மோனியா அதில் கொஞ்சத்தை விழுங்கிவிடும். விழுங்கியது எவ்வளவோ, வாயு அவ்வளவு.

தினமும் மதியம் ஆலைப் பக்கம் கண் எரியும். சுவருக்கு வெளியே குடியிருக்கும் அக்காவின் மகளுக்கு மூச்சு இழுக்கும். சொல்லிவைத்தாற்போல் அப்போதுதான் கருவிக்கு ஒளியே திரும்பாது. ஒளி இல்லையென்றால் அளவும் இல்லை.

"உங்க மிஷின் கெட்டுப் போச்சும்மா," என்றார் மேனேஜர், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டே.

லேசரு லென்ஸைத் துடைத்தாள், கேபிளை மாற்றினாள், தன்னையே திட்டிக்கொண்டாள். எதிர்முனைக்கு நடந்துபோய்ப் பார்க்க மட்டும் தோன்றவில்லை. படித்த படிப்பு அப்படி.

ஒருநாள் மதியம் நடந்தாள். கண்ணாடியின் மேல் பிளாஸ்டிக் வாளி கவிழ்ந்திருந்தது.

"வெயில்ல சூடாயிடுமாம்மா. மத்தியானம் மட்டும் மூடச் சொன்னாரு மேனேஜர் சார்," என்றார் காவலாளி.

லேசருவுக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. வாளியை ஓர் உதை விட்டாள். வாளிக்கு ஒன்றுமில்லை, கால்தான் வீங்கியது. நொண்டியபடியே கண்ணாடியைக் கழற்றிப்போய் அக்கா வீட்டு மொட்டை மாடியில் திருகிப் பொருத்தி, கருவியையும் அந்தப் பக்கம் திருப்பினாள்.

மறுநாள் மதியம் மாடியில் அக்காவும் பார்த்துக்கொண்டிருக்க, லேப்டாப்பில் அம்மோனியாவின் கோடு கிடுகிடுவென ஏறியது. பின்னாலேயே மேனேஜரும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி மாடியேறி வந்தார்.

"யாரைக் கேட்டு இங்க வெச்சீங்க? முதல்ல அதை மூடுங்க!"

"வாளி எங்க வீட்லயும் இருக்கு சார்," என்றாள் அக்கா. "எந்தத் தலையில கவுக்கணும்னு மட்டும் சொல்லுங்க."

கீழே அறையில் குழந்தை இருமியது. அக்கா ஓடினாள். லேசருவுக்கு வரவிருந்த சிரிப்பு அப்படியே செத்தது. மாடிக் கதவைச் சாத்தி, அதன்மேல் சாய்ந்து நின்று கையை நீட்டினாள்.

"கைக்குட்டையைக் குடுங்க."

"எதுக்கு?"

"குடுங்கன்னா குடுங்க. கீழ இருமுற குழந்தைக்குக் கைக்குட்டையா இருக்கு? நீங்களும் கொஞ்சம் மூச்சு விட்டுப் பாருங்க."

கைக்குட்டை அவள் கைக்குப் போனதும் அவர் கண்ணில் தண்ணீர் வழிந்தது. இருமல் பிடித்துக்கொண்டது. தடுமாறிப் போனை எடுத்தார்.

"டேய்... வாயு விடுற வால்வை மூடுடா! சீக்கிரம் மூடு!"

கோடு மெல்ல இறங்கத் தொடங்கியது. ஏறியதையும் இறங்கியதையும் சேர்த்தே அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு, லேசரு கதவைத் திறந்தாள்.